மஞ்சள் கோடு

வண்டியில் ஒரு கீறல் விழுந்தது. அதற்காக அக்காவின் சுண்டுவிரல் ஒடிந்தது.

கீறல் என்னவோ நகக்கண் அளவுதான். டேங்கின் தங்கப் பட்டை ஓரத்தில், வெயிலில் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். கடையிலிருந்து வந்தவள் கையிலிருந்த பையின் ஜிப் போகிற போக்கில் உரசிவிட்டது. அவள் புருஷன் ஹெல்மெட்டை எடுத்து ஓங்கினார். அவள் இடது கையால் தலையை மறைத்தாள். அடி விரலில் விழுந்தது. "படியில விழுந்துட்டா" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். அவர்கள் வீட்டில் படியே கிடையாது, தரைத்தளம். பொய்யைக்கூடக் கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு திமிர்.

அப்படி என்ன பெரிய வண்டி என்று கேட்டால், கம்பெனி தொடங்கி ஐம்பது வருடமானதைக் கொண்டாட விட்ட நினைவுப் பதிப்பு. கறுப்பு உடம்பு, தங்கப் பட்டை, ஹேண்டில் நடுவே எண் பொறித்த சின்னத் தகடு. முகம் பந்தய வண்டி, ஆனால் முதுகு வலிக்காத ஹேண்டில், மெத்தென்ற சீட். ரொம்பப் பெரிய இன்ஜினும் இல்லை, சின்னதும் இல்லை, நடுத்தரம். 'தினமும் ஓட்டத்தான்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். டைல்ஸ் கடைக்காரரான அவரோ அதைக் கூடத்துக்குள் ஏற்றிப் போர்வை போர்த்தி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டாளிகளோடு மலைப்பாதையில் ஒரு சுற்று. மற்ற நாளெல்லாம் அது தூங்கும். அக்கா உரசாமல் அதைச் சுற்றி நடக்க வேண்டும். அந்த வீட்டில் இரண்டு பேரில் யாருக்குப் போர்வை கிடைத்தது என்பதைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

அவளுக்கு ஒரு தம்பி. மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அங்கே அவனுக்கு 'கோடு' என்று பெயர். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்குவான். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். சொன்னதும் சட்டைப் பையிலிருந்து பெயின்ட் பேனாவை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு மஞ்சள் கோடு இழுப்பான். கோடு ஒரே நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. இரண்டாக விலகியிருந்தால் கழன்றுகொண்டிருக்கிறது. மற்றவர்களும் இதைச் செய்வார்கள்தான், நினைவிருந்தால். இவன் சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தட்டைச் சுற்றிக் கோடு போடுவான் என்று கிண்டல் செய்வார்கள்.

அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவளே அக்காதான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பழைய வண்டியைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓட்டுவாள். தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கோட்டு வித்தையை அவளுக்குக் காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் மூஞ்சிய நம்பறதவிட உன் கோட்ட நம்பலாம்டா" என்றாள்.

மூஞ்சியை நம்பாததற்கு அவளிடம் காரணம் பிற்பாடு சேர்ந்தது. முதல் முறை உதடு கிழிந்து தம்பி வீட்டுக்கு வந்து நின்றாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா" என்று அவனே கொண்டுபோய்ப் புருஷன் வீட்டில் விட்டான். இரண்டாம் முறை, "மலைக்கு அந்தப்பக்கம் சித்தி வீட்டுல விடு, அங்க இருந்துக்கறேன்" என்று கேட்டாள். பாதி மலை ஏறினான். மாமா, அதான் அக்கா புருஷன், போன் பண்ணினார். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினான். அவனுக்கு மாமா என்றால் பயம். அவர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வரும் வழி முழுக்க அக்கா சித்தி வீடு இருந்த பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதை நினைத்தால் அவனுக்கு இன்றும் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

சனிக்கிழமை காலையில் மாமா வண்டியை முதல் சர்வீஸுக்குக் கொண்டுவந்தார்.

"டேய் கோடு, நாளைக்கு மலைக்குப் போறோம். முன்பிரேக் தொட்டா நிக்கணும்."

"சரி மாமா."

"உங்கக்காகிட்ட பேசினியா?"

"இல்ல மாமா."

"பேசு. அவ டேங்க்கக் கீறல, என்னக் கீறிட்டா. புரியவை. அடுத்த தடவ விரலோட விடமாட்டேன், ஆமா."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஹெல்மெட்டைச் சீட்டின் மேல் பூப்போல வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனார். வண்டியோடு இனாமாக வந்த ஹெல்மெட் அது. அதே கறுப்பு, அதே தங்கப் பட்டை. அதில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

'அடுத்த தடவை' என்ற சொல் தம்பியின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பரைக் கழற்றினான். துடைத்தான். திரும்ப மாட்டினான். போல்ட்டுகளை விரலால் சுற்றி உள்ளே விட்டான். டார்க் ரெஞ்ச்சைக் கையில் எடுத்தான். எடுத்தவன் எடுத்தபடியே நின்றான்.

ஊருக்குள் மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. மலை வளைவில் வேகமாக வந்து பிரேக்கை அழுத்தினால் காலிப்பர் பிய்த்துக்கொண்டு சக்கரத்துக்குள் போகும். சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். மாமா சாகட்டும் என்று அவன் மனதுக்குள் தெளிவாக, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டான். ரெஞ்ச்சைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான்.

ஆனால் மாமா பழைய வண்டி வைத்திருந்த நாளிலிருந்தே ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் கோடுகளைத் தேடுகிற ஆள். மச்சினன் கோட்டைப் பற்றிக் கூட்டாளிகளிடம் பெருமை வேறு அடிப்பார். அதனால் தம்பி பேனாவை எடுத்தான். முடுக்காத போல்ட்டுகளின் மேல், வழக்கம்போல், பிசிறில்லாமல் மஞ்சள் கோடு இழுத்தான். இத்தனை வருடத்தில் அந்தப் பேனா சொன்ன முதல் பொய் அது.

மாமா வந்து குனிந்தார், பார்த்தார், அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், வண்டியைக் கூடத்தில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வேனில் கடைக்குப் போய்விட்டார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒர்க்‌ஷாப் வாசலில் டைல்ஸ் கடை வேன் கிறீச்சிட்டு நின்றது. மாமா குதித்து இறங்கினார். வழியில் இருந்த டயர் லிவரை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு முழ நீளத் தட்டை இரும்பு அது.

"எங்கடா உங்கக்கா?"

"தெரியாது மாமா…"

முதல் அடி தோளில். இரண்டாவது காதோரம். தம்பி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வெள்ளைப் பீங்கானில் ரத்தம் சொட்டியது. வேலையாட்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். முதலாளி, "சார், சார்" என்றார். சார் காதில் அது விழவில்லை.

"என் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாடா! சாவிய என் மேஜையிலருந்து எடுத்து, கூடத்துலருந்து இறக்கி, என் ஹெல்மெட்டயே மாட்டிக்கிட்டு! பக்கத்து வீட்டுக்காரன் போன் பண்றான், உங்க வீட்டம்மா சூப்பரா ஓட்டறாங்கன்னு! எங்க போயிருப்பா, சொல்லு!"

தம்பிக்கு அடி வலி அந்த நொடியிலேயே போய்விட்டது. எங்கே போயிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். சித்தி வீடு. சித்தி வீட்டுக்கு ஒரே வழிதான், மலைப்பாதை. ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தால் முதல் வளைவிலேயே முன்பிரேக்கைப் பிடித்தாக வேண்டும்.

மாமா மூன்றாவது முறை கையை ஓங்கினார். தம்பியின் கை பின்னால் பெஞ்சைத் துழாவியது. துணியில் சுற்றியிருந்த டார்க் ரெஞ்ச் அகப்பட்டது. கை தவறி விழுந்தாலே அளவு கெட்டுவிடும் என்று அதைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தவன், அதாலேயே மாமாவின் முழங்காலில் விட்டான் ஒரு போடு. ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது. மாமா ஊளையிட்டபடி தரையில் உட்கார்ந்தார். தம்பி அவரைத் தாண்டி ஓடி, சோதனை ஓட்டத்துக்கு நின்றிருந்த யாரோ வாடிக்கையாளரின் வண்டியில் ஏறிப் பறந்தான். பின்னாலேயே வேன் கிளம்பும் என்று தெரியும். அந்த மனிதரை நேராக அக்காவிடம் கூட்டிப் போகிறோம் என்றும் தெரியும். வேறு வழியில்லை.

பாதி மலையில் அவளைப் பிடித்தான். கட்டுப்போட்ட சுண்டுவிரலால் கிளட்சை அழுத்த முடியாமல் அவள் கியர் மாற்றாமலே ஏறிக்கொண்டிருந்தாள். ஆனாலும் முதுகு நேராக இருந்தது. வளைவில் வண்டியைச் சாய்த்த விதம் கல்யாணத்துக்கு முன் இருந்த அதே விதம். அவள் அப்படி ஓட்டிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். பார்த்ததும் வேகத்தைக் கூட்டினாள்.

"அக்கா! நில்லுக்கா!"

"போடா!" ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கத்தினாள். "மூணாவது தடவையும் கொண்டுபோய் விட வந்தியா? செத்தாலும் வரமாட்டேன்!"

"முன்பிரேக்கத் தொடாத! லூசா இருக்கு! நான்தான்க்கா முடுக்கல!"

"பொய் சொல்லாத! கோட்டப் பார்த்துட்டுத்தான்டா எடுத்தேன்! நாலும் நேரா இருக்கு!"

அவள் அவனை நம்பவில்லை, அவன் கோட்டை நம்புகிறாள். அவனுக்கு அதற்கு மேல் ஒரு தண்டனையும் தேவையிருக்கவில்லை. மேலே உச்சியிலிருந்த செல்போன் கோபுரம் தெரிந்தது. அதைத் தாண்டினால் இறக்கம். முன்னால் போய் மறிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தான். மறித்தால் அவள் பிடிக்கப்போவது அதே பிரேக்கைத்தான்.

அவள் வலப்பக்கமாக வண்டியை நெருக்கினான். ஹேண்டிலும் ஹேண்டிலும் ஒரு சாண் இடைவெளியில் போயின. அவள் முழங்கையால் அவன் முகத்தில் இடித்தாள். மூக்கு உடைந்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை நீட்டி, அவள் ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சிவப்பு சுவிட்சை அடித்தான்.

அவள் வண்டி ஊமையானது. மேடு அதைத் தானே இழுத்து நிறுத்தியது. அவன் வண்டியோ நிலை தடுமாறி, தார்ச்சாலையில் அவனையும் தேய்த்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. இடது கால் முட்டிக்குக் கீழே தவறான பக்கம் திரும்பியிருந்தது. தோள் முழுக்கத் தோல் இல்லை.

அக்கா வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அப்புறம்தான் காலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போல்ட்ட… திருகிப் பாரு" என்றான்.

அவள் போய்க் குனிந்தாள். இரண்டு விரலால் லேசாகத் திருகினாள். போல்ட் பாட்டில் மூடி மாதிரிச் சுழன்றது. மஞ்சள் கோடு இரண்டாக விலகியது.

"யாருக்கு வச்ச?" என்றாள்.

"அவருக்கு."

அவள் போல்ட்டை விரலாலேயே திரும்பச் சுற்றினாள். கோட்டின் இரண்டு பாதியும் மறுபடி சேர்ந்து ஒன்றாகின. என்ன நினைத்து அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிரித்த பொருளைப் பழையபடி வைக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

வேன் வந்து நின்றது.

மாமா ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். டயர் லிவரை விடவில்லை. முதலில் வண்டியைத்தான் சுற்றி வந்து பார்த்தார். புதிதாக ஒரு கீறலும் இல்லை என்று தெரிந்தபின் அக்காவின் பக்கம் திரும்பினார். ஹெல்மெட்டோடு அவள் தலையைப் பிடித்து இழுத்தார். ஹெல்மெட் கழன்று வந்ததும் அதாலேயே அவள் வாயில் அடித்தார். அவள் மண்டியிட்டு விழுந்தாள், பல் ஒன்று சாலையில் தெறித்தது. தம்பி ஊர்ந்து போய் அவர் காலைப் பிடித்தான். உடைந்த அவன் காலின் மேல் அவர் செருப்போடு ஏறி நின்றார். அவன் போட்ட அலறல் மலையில் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

மூச்சு வாங்கியதும் அவர் நிறுத்தினார். களைப்பால்தான் நிறுத்தினார், இரக்கத்தால் அல்ல.

"வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் வேன எடுத்துட்டு வாங்க." அக்கா பக்கம் கையைக் காட்டினார். "டேய், இவளக் கொண்டுவந்து வீட்டுல விடு. வழக்கமா விடுவியே, அதே மாதிரி. மிச்சத்த வீட்டுல வச்சுப் பேசிக்கறேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அப்போது அக்கா ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"அதுல போகாதீங்க" என்றாள். "பிரேக் லூசா இருக்கு. செத்துப் போயிடுவீங்க."

மாமா சிரித்தார். "உன் வாயில என்னிக்குடி உண்ம வந்திருக்கு? வண்டியத் தரமாட்டேன்னு நேராச் சொல்லு." ஆனாலும் குனிந்து பார்த்தார். கோடு நேராக இருந்தது. இருந்தும் அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தம்பியைப் பார்த்தார்.

"டேய், நீ சொல்லு. முடுக்கினியா இல்லையா?"

அவன் சொன்னால் அவர் நம்புவார். அது மூன்று பேருக்குமே தெரியும். அக்கா தம்பியைப் பார்த்தாள். வாயைத் திறந்து சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்பதற்கு அவள் கண்ணில் எந்தக் குறிப்பும் இல்லை. இந்த முறை அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளவில்லை.

"கோடு போட்டிருக்கேன்ல மாமா" என்றான்.

"அதானே." மாமா வண்டியைத் திருப்பினார்.

இன்ஜின் சத்தம் கீழே இறங்கியது. ஒரு வளைவு. அக்கா எழுந்து நின்றாள். சத்தம் ஏறி இறங்கி மறுபடி ஏறியது. அடுத்த வளைவில் இரும்பு இரும்பைக் கடித்த சத்தம் வந்தது. அதற்குப் பின் ஏதோ பாறையில் மோதி, மோதி, இன்னொரு முறையும் மோதி நின்றது. ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேன்" என்றாள் அக்கா. "கேட்டியா? நான் அவர்கிட்ட சொன்னேன்."

"கேட்டேன்க்கா."

அவள் அவனைத் தூக்கி வேனில் போட்டாள். தானே ஓட்டிக் கீழே வந்தாள். ஒரு லாரி ஏற்கனவே நின்றிருந்தது. டிரைவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். மாமா பள்ளத்து ஓரத்தில், கழுத்து திரும்பக்கூடாத அளவுக்குத் திரும்பிக் கிடந்தார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. அக்கா போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். பிறகு அந்தக் கையை அவர் மார்பின் மேல் எடுத்து வைத்தாள். அவள் அழுதாள். அவருக்காகவா, தனக்காகவா, தம்பிக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை அது. லாரி டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.

திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு போல்ட் இருந்தது. அதன் தலையில் பாதி மஞ்சள் கோடு. வேன் கதவைச் சாத்திவிட்டு அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"போலீஸ் கேட்டா என்ன சொல்லுவ?"

"நான்தான்னு சொல்லிடுவேன்" என்றான். அவனுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. "நானே போய்ச் சொல்லணும்க்கா."

அவள் தலையாட்டினாள். சேலை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினாள். முதல் கியரில் போட்டு, மேல்நோக்கித் திருப்பினாள்.

"சொல்லு. அதுக்கு முன்னாடி நீயே என்னச் சித்தி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடு."